தனித்துப் போய் மீளும் தொலைவு: வல்லம் வடகாலிலிருந்து சென்னை செல்லும் குடும்பமும் தங்குபேட்டைத் தேர்வும்

1. ஆய்வுப் பொருள்

வல்லம் வடகாலுக்கும் சென்னைக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் அருங்காட்சியகம், கடற்கரை, ஒரு ஜவுளிக்கடை மூன்றையும் முடித்துக்கொண்டு இரவு வீட்டுக்கு வந்து படுத்துவிடலாம். அதனால் பள்ளி விடுமுறையில் மெட்ராசில் நான்கு நாள் அறை எடுத்துத் தங்கப்போகிறோம் என்று இந்த வட்டாரத்தில் ஒரு குடும்பம் சொன்னால், "பக்கத்துல இருக்குற ஊருக்கு ரூம் எதுக்கு?" என்ற கேள்விதான் முதலில் வரும். அடுத்தது இன்னும் கூர்மையானது: "வயசுப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு லாட்ஜுலயா?"

முதல் கேள்விக்கு விடை எளிது. சிறு பிள்ளைகளுக்கு நகரம் பகலிலேயே கிடைத்துவிடுகிறது. பதினைந்து வயதுக்காரருக்கு அது மாலை ஐந்து மணிக்குமேல்தான் திறக்கிறது. ஒருநாள் பயணத்தில் சரியாக அந்த நேரத்தில்தான் பூந்தமல்லியையோ கிளாம்பாக்கத்தையோ நோக்கிப் பேருந்து பிடிக்க ஓட வேண்டியிருக்கிறது. இருட்டியபின் கடற்கரையில் சோளம் வாங்கித் தின்றுவிட்டு மெதுவாக நடந்துவந்து படுப்பதை, வீட்டுக்குத் திரும்ப வேண்டிய எவராலும் செய்ய முடியாது.

இரண்டாவது கேள்வியே இக்கட்டுரைக்குப் பொருள். அதற்கு விடை தேடுவோர் பெரும்பாலும் லாட்ஜைத்தான் ஆராய்கிறார்கள்: வாடகை, குளியலறை, ஏசி, வாசலில் காவலாளி. நான் லாட்ஜைக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டு, அது நிற்கும் பேட்டையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளை பெற்றோர் துணையில்லாமல் தங்குமிடத்திலிருந்து நடந்து போய், தானே வழிகண்டு திரும்பக்கூடிய தொலைவு எவ்வளவு என்பதே அந்தப் பேட்டையின் தகுதிக்கு அளவுகோல் என்பது என் துணிபு. இதைத் 'தனிமீள் தொலைவு' என்று குறிக்கிறேன். வினாப்படிவம் கொடுத்து எடுத்த கணக்கு எதுவும் இதன் பின்னால் இல்லை. ஊர் அமைப்பு, பதிவான வரலாறு, நடந்து பார்த்த தெருக்கள் ஆகிய மூன்றுமே சான்று.

2. சொற்கள்

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரை உள்ளோரை வளரிளம் பருவத்தினர் என்கிறது. நம் பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களை ஏழாகப் பிரித்தபோது 14 முதல் 19 வரையுள்ளவளை மடந்தை என்றன. 12, 13 வயதினள் மங்கை. இந்தப் பகுப்பு எதற்காக எழுந்தது என்பது நம் பொருளுக்கு நேராக உதவுகிறது. உலா இலக்கியத்துக்காகத் திரண்ட பகுப்பு இது. தலைவன் தெருவில் பவனி வருவான்; பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்தாரும் அவனைக் கண்டு மயங்குவார்கள். வீதி அவனுடையது, பார்வை மட்டுமே இவர்களுடையது. இன்றைய மடந்தைக்கு வேண்டியது அந்த உலா. நான்கு நாள் சென்னைப் பயணத்தில் அவள் மனம் கணக்குப் போடுவது எத்தனை இடம் பார்த்தோம் என்பதை விட, எத்தனை தடவை தனியாக வெளியே போய்வந்தோம் என்பதையே.

'பேட்டை' என்பதற்குச் சந்தை கூடும் இடம், தொழில்செய்வோர் குடியேற்றம் என்று பொருள். 1734இல் நெசவாளரைக் குடியேற்றி உருவாக்கிய சிந்தாதிரிப்பேட்டையைப் போல, சென்னையின் பழைய பேட்டைகள் தொழிலும் குடியிருப்பும் கடையும் ஒரே தெருவில் கலந்தவை. 'சிப்காட் தொழிற்பேட்டை' என்று நாம் இன்று சொல்லும்போது அந்தச் சொல்லிலிருந்து குடியிருப்பும் கடையும் கழன்றுவிட்டன. அப்படிக் கழன்றதன் விளைவை அடுத்த பகுதி காட்டும்.

3. புறப்படும் ஊர்

தங்குமிடத் தேர்வைப் பேசுகிறவர்கள் சேரும் ஊரை மட்டுமே பேசுகிறார்கள். பிள்ளை எந்த ஊரிலிருந்து வருகிறது என்பது தெரியாமல் அதற்கு எந்த ஊர் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், வல்லம் வடகாலுக்குப் பக்கத்திலுள்ள ஒரகடத்தில் வெட்டிக்கொள்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலையும் 2012இல் டைம்லர் லாரி ஆலையும் 2013இல் ராயல் என்ஃபீல்டும் வந்தன. ராயல் என்ஃபீல்டின் அடுத்த ஆலை 2017இல் வல்லம் வடகாலிலேயே ஓடத் தொடங்கியது. இந்தச் சாலைகளெல்லாம் கன்டெய்னர் லாரிக்காகவும் கம்பெனி பஸ்ஸுக்காகவும் அகலமானவை. நடப்பவருக்கான இடம் அந்தக் கணக்கில் மிஞ்சவில்லை. ஆலைச் சுற்றுச்சுவர் தொடங்கினால் அதுபாட்டுக்கு நீண்டுகொண்டே போகும். சுவரோரம் நடக்கும் பிள்ளைக்குப் பார்க்க ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளையைப் பார்க்கவும் யாருமில்லை.

பழைய ஊருக்குள் நிலைமை வேறு. கோயில், ஏரிக்கரை, பெட்டிக்கடை, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா எல்லாம் இருக்கின்றன. அங்கே பத்து வயதுப் பிள்ளை தனியாகத்தான் திரிகிறது. ஊருக்குள் தெரு இருக்கிறது, ஊரைத் தாண்டினால் ரோடு மட்டும்தான் இருக்கிறது. பத்து வயதுக்குத் தெரு போதும். பதினைந்து வயதாகும்போது அது குறுகிவிடுகிறது. அப்போதுதான் ரோடு குறுக்கே நிற்கிறது. பள்ளிக்கு வேன், டியூஷனுக்கு அப்பாவின் பைக், வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் குடும்பத்தோடு ஆட்டோ. பதினேழு வயது வரை எங்கும் தானாகப் போய்த் திரும்பாமலே வளர்ந்துவிட முடியும்.

பிறகு பதினெட்டு வருகிறது, எல்லாம் தலைகீழாகிறது. வெளிமாவட்டங்களிலிருந்து அந்த வயதுப் பெண்கள் பெட்டியோடு வந்து இறங்குவது இதே வட்டாரத்தில்தான். 2024 ஆகஸ்டு 17 அன்று வல்லம் வடகாலில் 18,720 பணியாளர் தங்கக்கூடிய சிப்காட் குடியிருப்பை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். 20 ஏக்கர், 706.50 கோடி ரூபாய். பெரும்பாலும் மின்னணு ஆலையில் வேலைபார்க்கும் பெண்களுக்காகக் கட்டியது. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் பார்த்தால், இங்கு தங்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதினர் இன்னும் வளரிளம் பருவத்தினரே.

இந்தக் குடியிருப்பின் தேவை நியாயமானது. 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றின் உணவால் பெண் தொழிலாளர்கள் நோயுற்று, அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. விடுதிகளுக்கு உரிமம் கட்டாயமாக்கும் மாநிலச் சட்டம் 2014லேயே வந்துவிட்டது. நெடுஞ்சாலைக்கு வந்து உட்கார்ந்த பிறகே சமையலறையும் தண்ணீரும் படுக்கை இடமும் பேச்சாயின. அந்தப் பேச்சில் நான் தேடியும் காணாத கேள்வி ஒன்று உண்டு: வார விடுமுறை நாளில் அந்தப் பெண் கேட்டைத் தாண்டி எங்கே நடப்பாள்? வேலை இடத்தின் கேட்டிலிருந்து விடுதி கேட்டுக்குக் கம்பெனி பஸ் கொண்டுவந்து விடுகிறது. இரண்டு கேட்டுக்கும் நடுவில் அவளுக்கென்று ஒரு தெரு இல்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேட், காவலாளி, கேமரா மூன்றும் இருந்தால் இடம் பத்திரம் என்ற எண்ணம் இந்த வட்டாரத்துப் பெற்றோருக்குத் தினசரி வாழ்விலிருந்தே வருகிறது. சென்னைக்குப் போகும்போது அதையும் சேர்த்து மூட்டை கட்டிக்கொள்கிறார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் சுற்றுச்சுவரோடு நிற்கும் பெரிய ஓட்டல் அவர்கள் கண்ணுக்கு நல்ல இடமாகப் படுகிறது. அறை சுத்தமாகவும் இருக்கும். ஆனால் பிள்ளைக்கு அது இன்னொரு சிப்காட்தான். வாசலைத் தாண்டினால் ரோடு.

4. புறஞ்சேரியும் ஆயர்பாடியும்

இளையோரை அழைத்துக்கொண்டு பெருநகருக்குப் போய், எங்கே தங்குவது என்று யோசித்த முதல் வழித்துணை நம் மரபில் கவுந்தியடிகள். திருமணத்தின்போது கண்ணகிக்கு 12, கோவலனுக்கு 16 என்கிறது சிலப்பதிகாரம். மதுரை வரும்போது இருவருக்கும் வயது ஏறியிருந்தாலும், ஊர் தெரியாத இளையோர்தாம்.

அந்தப் பகுதியைப் பயண நூல் படிப்பதுபோல் படித்தால் சில செய்திகள் துலங்குகின்றன. மூவரும் முதலில் தங்குவது மதிலுக்கு வெளியே, அறவோர் வாழும் புறஞ்சேரியில். அமைதியான, ஆபத்தில்லாத இடம். அங்கிருந்து கோவலன் தனியாகப் போய் ஊர் பார்க்கிறான். அணிகலக் கடை, துணிக்கடை, கூலக்கடை, கணிகையர் வீதி எல்லாம் சுற்றித் திரும்பிவந்து கவுந்தியிடம் ஊரைப் புகழ்கிறான். 'ஊர்காண் காதை' என்று இளங்கோ அதற்கு ஒரு முழுக் காதையையே ஒதுக்கியிருக்கிறார். நான் சொல்லும் தனிமீள் தொலைவுக்கு இதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரியவில்லை. கண்ணகி அன்று கவுந்தியோடு இருந்துவிட்டாள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பேதம் ஏழாம் பகுதியில் மறுபடி வரும்.

அமைதியான புறஞ்சேரி இல்லறத்தாருக்கு ஏற்றதன்று என்று பிறகு முடிவாகிறது. கவுந்தி தேர்வது ஆயர்மகள் மாதரியின் வீட்டை. கவுந்தி எடைபோட்டது கட்டடத்தையன்று. தீங்கற்ற தொழில்செய்யும் மக்கள், பொறுப்பேற்கும் ஒரு மூத்த பெண், அவளுக்கு ஐயை என்றொரு மகள் என அந்த வீட்டோடு வருகிற மனிதர்களையே அவர் பார்த்தார். கண்ணகிக்குத் துணையாக மாதரி விடுவது அந்த ஐயையைத்தான்.

தங்குமிடம் இவ்வளவு நன்றாக அமைந்தும் கோவலன் திரும்பவில்லையே என்று கேட்கலாம். உண்மை. விபரீதம் பொற்கொல்லனின் சந்திப்பில் நடந்தது. ஊர் பார்க்கப் போன நாளில் அவன் பத்திரமாக மீண்டான். விலையுயர்ந்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, ஆள் தெரியாதவனிடம் பேரம் பேசப்போன நாளில்தான் மீளவில்லை. புதுப் போனைச் சட்டைப்பையில் துருத்திக்கொண்டு தி.நகர் ரங்கநாதன் தெருவில் இறங்கும் பையனுக்கு இதில் செய்தி இருக்கலாம்.

5. பேட்டை ஒப்பாய்வு

5.1 வழியில் நின்றுவிடுதல். வீட்டுக்குப் பக்கம், வாடகை குறைவு என்று தாம்பரத்திலோ பூந்தமல்லியிலோ அறை எடுப்பவர் உண்டு. 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தின் அருகிலும் தங்கலாம். 1931இலேயே மின்ரயில் ஓடத் தொடங்கிய தடம் தாம்பரத்துக்கு இருக்கிறது என்பது பெரிய அனுகூலம். இருந்தாலும் இங்கே தங்கினால் ஒவ்வொரு வெளியேற்றமும் குடும்பமே திரண்டு போகும் படையெடுப்பாகிவிடும். அப்பா உட்கார்ந்தால் எல்லாரும் உட்கார வேண்டும். பிள்ளையின் தனிமீள் தொலைவு பிளாட்பாரத்துத் தேநீர்க் கடையோடு முடிகிறது.

5.2 எழும்பூர். தென்மாவட்டத்தாருக்கு ரயில் இறங்கியதும் லாட்ஜுகள் நிறைந்த கென்னத் சந்து; வல்லம் வடகால்காரருக்கு அப்படி ஓர் உறவு இல்லை. ஆனாலும் பரிசீலிக்க வேண்டிய பேட்டை. 1908இல் திறந்த ரயில் நிலையத்திலிருந்து பாந்தியன் சாலை அரசு அருங்காட்சியகம் நடக்கும் தூரம்தான். 1851இல் தொடங்கியது அது. அமராவதிச் சிற்பங்கள், சோழர் செப்புத் திருமேனிகள், திமிங்கில எலும்புக்கூடு என ஒரே வளாகத்தில் மூன்று வகை மனத்துக்கும் தீனி. பக்கத்திலேயே 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. இது தெரியாமல் போய் வாசலில் நிற்பது குடும்பத்துக்கு ஒரு சண்டையைச் செலவு வைக்கும்.

எழும்பூரின் பலம் மெட்ரோவும் மின்ரயிலும் அடுத்தடுத்து இருப்பது. பலவீனம், ரயில் நிலையத்தை ஒட்டிய சந்துகளில் எல்லாரும் ஓரிரவு விருந்தாளிகள் என்பது. அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதிய நகர நூலில், தெருவைக் காப்பது அங்கே வாழ்வோரின், கடைக்காரர்களின் கண்கள் என்றார். கென்னத் சந்தில் கடைக்காரர் உண்டு, வாழ்வோர் குறைவு. பதினேழு, பதினெட்டு வயதுக்காரருக்கு இது பொருட்டில்லை. பதின்மூன்றுக்கு நான் இங்கே அறை எடுக்க மாட்டேன்.

5.3 திருவல்லிக்கேணி. பெயரைச் சொன்னதும் மேன்ஷன் ஞாபகம் வரும். வேலை தேடி வந்த தனி ஆண்களின் உலகம் அது. குடும்பத்துக்கு மேன்ஷனில் இடமில்லை. குடும்ப லாட்ஜுகள் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை, வாலாஜா சாலைப் பக்கம் தேடினால் கிடைக்கும். தனிமீள் தொலைவை வைத்து மட்டும் மதிப்பெண் போட்டால் சென்னையில் இதற்கே முதலிடம் தருவேன். பார்த்தசாரதி கோயில், 1795இல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசல், பாரதி வாழ்ந்த வீடு, சேப்பாக்கம் மைதானம், பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகள், மெரினா எல்லாம் நடை தூரத்துக்குள். ரத்னா கஃபேயின் சாம்பார் இட்லிக்கு வழி கேட்டால் ஐந்து பேர் சொல்வார்கள். சந்துக்குள் மாடு நிற்கும், குறுக்கே ஸ்கூட்டர் வரும், ஒருவர் கத்துவார். தெரு பழகாத பிள்ளைக்கு முதல் நாள் மிரட்சியாக இருக்கும். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளைதான் மற்றவர்களுக்கு வழி சொல்லும்.

ஒரே ஓர் எச்சரிக்கை, அதை வலுவாகவே சொல்ல வேண்டும். மெரினா குளிக்கும் கடல் அன்று. கரையோரம் சட்டென்று ஆழமாகி உள்ளே இழுக்கும். அங்கே ஆண்டுதோறும் மூழ்கிப் போகிறவர்களில் பள்ளி, கல்லூரிப் பையன்களும் இருக்கிறார்கள். ஏரியில் நீந்திப் பழகிய ஒரகடத்துப் பையனுக்கு 'எனக்கு நீச்சல் தெரியும்' என்ற தைரியம் வேறு இருக்கும். மணலுக்குத் தனியாகப் போகலாம், தண்ணீருக்கு இல்லை என்ற ஒப்பந்தம் இல்லாமல் இந்தப் பேட்டையில் அறை எடுக்கக் கூடாது.

5.4 மயிலாப்பூர். பதின்மூன்று, பதினான்கு வயதுக்கு இதைவிடப் பொருத்தமான பேட்டை சென்னையில் இல்லை. காரணம் பக்தி மட்டுமன்று, வடிவம். நடுவில் கோயில், பின்னால் குளம், சுற்றி நான்கு மாடவீதிகள். வழி தவறிய பிள்ளை ஏதோ ஒரு வீதியைப் பிடித்து நடந்தாலும் கோபுரம் கண்ணில் பட்டுவிடும். ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுற்றிவந்த பிள்ளைக்கு இந்த வடிவம் கேட்காமலே புரியும். சென்னையில் வேறெந்தப் பேட்டையும் இந்த வட்டாரத்துப் பிள்ளையிடம் அதன் சொந்த மொழியில் பேசுவதில்லை. கண்களுக்கும் குறைவில்லை. பூக்கட்டுபவர், பாத்திரக் கடைக்காரர், மாலையில் குளத்தோரம் உட்காரும் முதியவர்கள் எல்லாரும் அந்த இடத்திலேயே நாள் முழுக்க இருப்பவர்கள். ஒரே பிள்ளை மூன்றாம் முறை கடந்துபோனால் "எந்த ஊரும்மா?" என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்வி பிள்ளைக்கு எரிச்சல், நமக்குக் காவல்.

கச்சேரி சாலை வழியே சாந்தோம் தேவாலயத்துக்கும் கடலுக்கும் நடக்கலாம். திருமயிலைப் பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து ஒரு பக்கம் சேப்பாக்கம், மறுபக்கம் வேளச்சேரி. தங்குமிடம் குறைவு, பங்குனி அறுபத்துமூவர் நாளிலும் மார்கழியிலும் இன்னும் குறைவு. லஸ் பக்கம் மெட்ரோ நிலையப் பணிக்காகத் தடுப்பு வைத்து வழிகளைத் திருப்பிவிட்டிருப்பதால், பழைய நினைவை நம்பி வழி சொல்லும் அப்பாக்கள் இப்போது தோற்றுப்போகிறார்கள். பிள்ளைகள் அதை ரசிக்கிறார்கள்.

5.5 தி.நகர். இங்கே தங்க வேண்டும் என்பது பெரும்பாலும் அம்மாவின் திட்டம், அதில் தவறில்லை. 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகமும், 2023 மே மாதத்தில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதையும் வந்தபின் நடப்பவருக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கிறது. அகன்ற நடைபாதை என்ற ஒன்றையே பார்க்காத பிள்ளைக்குப் பாண்டி பஜார் ஒரு மாலை முழுக்கத் தாங்கும். ஆனால் ரங்கநாதன் தெருவின் நெரிசலில் ஒருவரும் ஒருவரைப் பார்ப்பதில்லை. கண்கள் ஆயிரம், எல்லாம் விலைச்சீட்டின்மேல். பகலுக்குப் போய்வரும் இடமாக வைத்துக்கொள்ளலாம்.

5.6 மற்றவை. பெசன்ட் நகர்க் கடற்கரை மாலைகளில் இளையோர் திரளும் இடம். அங்கே அறை எடுக்க முடிந்தால் பிள்ளைகள் வேறெங்கும் வர மறுப்பார்கள். ரயில் இல்லை, வாடகை கூடுதல். கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளுக்கும், நெடுஞ்சாலையோர ஓட்டலைப் பற்றி மூன்றாம் பகுதியில் சொன்னதே போதும்.

கிண்டியும் கோட்டூர்புரமும் வேறு கதை. பொறியியல் கலந்தாய்வு 2018இல் இணையத்துக்கு மாறும்வரை, தமிழ்நாடு முழுவதிலுமிருந்து பிளஸ் டூ முடித்த பிள்ளையும் பெற்றோரும் மஞ்சப்பையில் சான்றிதழ்களோடு அண்ணா பல்கலைக்கழக வாசலுக்கு வந்தார்கள். வளரிளம் பிள்ளையோடு சென்னையில் ஓரிரவு தங்குவது என்பது பல குடும்பங்களுக்கு அந்த ஒரே இரவுதான். பெரும்பாலோர் கோயம்பேட்டில் இறங்கி அங்கேயே குளித்துவிட்டு வந்தவர்கள். பேட்டையைத் தேரும் நிதானம் யாருக்கும் இருந்ததில்லை. 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், 1988இல் வந்த பிர்லா கோளரங்கம், கிண்டி பாம்புப் பண்ணை ஆகியவை இந்தப் பக்கம் இருந்தும், நடுவே ஓடும் அகலச் சாலைகளால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடப்பது சுகமில்லை. மயிலாப்பூரில் தங்கிக்கொண்டு பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் வருவது மேல்.

6. வெயில் என்னும் காரணி

வெளிநாட்டுப் பயண ஆலோசனைகளில் இல்லாத ஒன்று நமக்கு இருக்கிறது. நம் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை அக்கினி நட்சத்திரத்தில் வருகிறது. பதினொரு மணியிலிருந்து நான்கு மணிவரை சென்னையில் மனிதர் திரியக் கூடாது. ஆகவே அறை இரவுக்கு மட்டுமன்று, மதியத்துக்கும் வேண்டும். காலை ஏழுக்கு வெளியே போய், பதினொன்றுக்குத் திரும்பிக் குளித்துத் தூங்கி, ஐந்துக்கு மறுபடி கிளம்பும் அட்டவணை, தங்குமிடம் பேட்டைக்குள்ளேயே இருந்தால்தான் நடக்கும். தாம்பரத்தில் அறை எடுத்தவர் மதியத்தை மாலுக்குள் கழிக்க வேண்டியிருக்கும். அங்கே குளிரூட்டலுக்கான விலையைப் பாப்கார்ன் வழியாகக் கொடுப்பார். வாடகையில் மிச்சம் பிடித்தது போய்விடும். பதின்வயதினர் காலை ஏழுக்கு எழுவார்களா என்பது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே.

7. மறுப்புகள்

முதல் மறுப்பு: காலம் கெட்டுக்கிடக்கிறது, பிள்ளையை எப்படித் தனியாக விடுவது? இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்னும் ஆய்வாளரும் அவருடைய உடனாய்வாளர்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு உதவும். அவர்கள் எடுத்த பகுதிகளில் 1971இல் 7, 8 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் அது 9 சதவீதமாகிவிட்டது. அந்தக் காலத்தில் சாலையில் பிள்ளைகள் சாவதும் குறைந்தது. சாலை பத்திரமாகிவிட்டதென்று அரசு சொன்னபோது, பிள்ளைகளைச் சாலையிலிருந்து எடுத்துவிட்டீர்கள், அதனால்தான் குறைந்தது என்றார் ஹில்மன். ஒரகடம் சாலைக்கும் அதே கணக்குப் பொருந்தும். அங்கே பிள்ளைகள் நடப்பதில்லை என்பதால் அது பிள்ளைகளுக்கு உகந்த சாலையாகிவிடாது. வேன் ஏற்றி வளர்த்த பிள்ளையைப் பதினெட்டாம் வயதில் ஒரே நாளில் கல்லூரிக்கோ விடுதிக்கோ அனுப்பத்தான் போகிறோம். அதற்கு முன் நான்கு நாள், அருகிலேயே பெற்றோர் இருக்க, ஒரு கிலோமீட்டர் பழகிப் பார்ப்பது எனக்கு அபாயமாகத் தோன்றவில்லை.

இரண்டாவது மறுப்பை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நடத்தையில் காட்டுகிறார்கள். பையன் "சும்மா ஒரு ரவுண்டு" போய்வருவான், பெண் அறையில் டிவி பார்ப்பாள். கோவலன் ஊர்காண, கண்ணகி புறஞ்சேரியில் இருந்ததற்கு இன்றைய பதிப்பு இது. ஒரே பேட்டையில் பையனுக்கு ஒரு கிலோமீட்டரும் பெண்ணுக்கு இருநூறு மீட்டரும் என்று அமையுமானால், அந்தப் பேட்டையின் அளவு இருநூறு மீட்டர்தான். பேட்டையைப் பெண்ணின் தொலைவைக் கொண்டு தேர்ந்தால் பையனுக்கு நட்டமில்லை. மாற்றித் தேர்ந்தால் அவளுக்கு நட்டம். அண்ணன் தங்கை இருவருமிருக்கும் வீட்டில் நான் திருவல்லிக்கேணியை விட்டு மயிலாப்பூரைச் சொல்வது இதனால்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாடவீதியிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய்வர அவளுக்குக் காசு கேட்க வேண்டிய தேவைகூட இல்லை. சில்லறை கேட்கும்போதுதானே விசாரணையும் தொடங்குகிறது.

போன் இருக்கிறதே, இருக்கும் இடம் தெரிகிறதே என்பது மூன்றாவது. இருக்கட்டும். ஆனால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று திரையில் நகரும் புள்ளியைப் பெற்றோர் பார்த்துக்கொண்டேயிருந்தால் அது தனியே போனதாகக் கணக்கில் வராது.

8. அறை

இப்போது லாட்ஜுக்கு வரலாம். நான்கு பேருக்கு ஒரே அறை, ஒரு எக்ஸ்ட்ரா பெட் என்பது பத்து வயது வரை செல்லும். பதினான்கு வயதுப் பெண்ணுக்கும் பதினாறு வயதுப் பையனுக்கும் நான்கு நாள் அது தண்டனை. உடை மாற்ற எல்லாரையும் வராந்தாவுக்கு அனுப்ப வேண்டும். சுமாரான பேட்டையில் ஒரு பெரிய அறைக்குக் கொடுக்கும் வாடகைக்கு, நல்ல பேட்டையில் அடுத்தடுத்து இரண்டு சிறிய அறை கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். அம்மாவும் பெண்ணும் ஒன்றில், அப்பாவும் பையனும் ஒன்றில். செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கா, மதியம் பன்னிரண்டா என்பதை முன்பணம் கொடுக்குமுன் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் ஆதாரும் கையில் இருக்கட்டும்; பெற்றோருடையது மட்டும் போதும் என்று சில இடங்களில் சொல்வார்கள், சில இடங்களில் சொல்ல மாட்டார்கள். தனிப் படிக்கட்டு வழியே போகும் அறையைவிட, வரவேற்பு மேசையைக் கடந்தே ஏற வேண்டிய அறை நல்லது. போவதும் வருவதும் ஒருவர் கண்ணில் படும். இரவு பதினொன்றுக்குப் பசிக்கும். அறைக்கு எடுத்துவந்து தரும் உணவைவிட, அந்த நேரத்தில் திறந்திருக்கும் கடை எத்தனை அடியில் இருக்கிறது என்று பாருங்கள்.

அறைச் சாவி வாங்கும்போது லாட்ஜின் விசிட்டிங் கார்டு பிள்ளைக்கு ஒன்றாக வாங்கிக்கொள்ள வேண்டும். போன் சார்ஜ் இறங்கும், அட்டை இறங்காது. அதில் அச்சிட்டிருக்கும் முகவரி பெரும்பாலும் பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று இரண்டு எண்களோடு யாருக்கும் பயன்படாமல் இருக்கும். பின்பக்கத்தில் பேனாவால் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: குளத்துக்கு எந்தக் கரை, எந்த மாடவீதி, கீழே என்ன கடை. அதைப் பிள்ளையே எழுதினால் இன்னும் நல்லது. எழுதுவதற்கு ஒருமுறை கீழே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும்.